ஜப்பான் மேப்பிள் இலையில் வெளிர்ப் புள்ளிகள்: சிலந்திப்பேனா, வெயிலா? எதைத் தெளிப்பது?

கிளைநுனி (கேள்வி)

தொட்டியில் ஒரு ஜப்பான் மேப்பிள், கிரிம்சன் குயின் வகை, இடுப்பளவு உயரம். வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து இலையின் சிவப்பு மங்கிச் சாம்பல் பூத்துவருகிறது. தூசி என்று துடைத்தால் போகவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடு நரம்பை ஒட்டி மிக நுண்ணிய வெளிர்ப் புள்ளிகள் தெரிகின்றன. உட்பக்கக் கிளைகளில் அதிகம், நுனித் தளிரில் குறைவு. மேற்குப் பக்கத்தில் மட்டும் சில இலைகளின் ஓரம் பழுப்பாகக் காய்ந்திருக்கிறது.

தண்ணீர் ஒழுங்காகப் போகிறது, வடிகாலும் சரி. இளவேனிலில் செதிள் பூச்சிக்காக இமிடாகுளோபிரிட் வேரில் ஊற்றப்பட்டது. செதிள் அடங்கிவிட்டது. அதன்பின் வேறு எந்த மருந்தும் போகவில்லை.

பக்கத்தில் தரையில் ஒரு வெள்ளி மேப்பிளும் நிற்கிறது. அதன் இலைகளின் மேல்புறம் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் சிவப்புக் கொப்புளங்கள். அதுவும் சிலந்திப்பேன் வேலை என்கிறார்கள். இரண்டும் ஒரே பேன்தானா? ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பரவுமா? ஜப்பான் மேப்பிளுக்கு எந்த மருந்து, எந்த அளவில்?

---

இலையடி

மருந்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளும், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த கிளையைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து நான்கைந்து முறை அழுத்தமாகத் தட்டுங்கள். தாளை மெல்லச் சாய்த்தால் தூசியும் காய்ந்த துணுக்குகளும் உருண்டு போய்விடும். பேன் தாளைப் பற்றிக்கொண்டு நிற்கும். அதன்பின் தாளைக் கிடையாகப் பிடித்து அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். நகர்கிற புள்ளியை மட்டும் எண்ணுங்கள். உட்கிளை, நடுக்கிளை, நுனி என்று தனித்தனியாகத் தட்டி, தனித்தனியாக எழுதி வையுங்கள். மழை பெய்த அன்றோ, குழாய் நீரால் கழுவிய அன்றோ தட்டினால் எண்ணிக்கை பொய்யாகக் குறைவாக வரும்.

வளர்ந்த பெண் பேன் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெறும் கண்ணுக்குப் புள்ளி. லென்ஸில் எட்டுக் கால் தெரியும். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குஞ்சுக்கு ஆறு கால்தான் என்பதால் அதைப் பார்த்து வேறு பூச்சி என்று குழம்ப வேண்டாம். வெளிர்ப் பச்சை அல்லது மஞ்சள் உடலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்படலம் இருந்தால் அது இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன், டெட்ரானிகஸ் உர்டிகே. அந்தக் கருமை, தின்ற உணவு உடல் வழியாகத் தெரிவதுதான். எனவே புதிதாகத் தோல் உரித்த பேனில் அது இருக்காது. மேப்பிளுக்கென்றே ஒரு பேன் உண்டு, ஒலிகோனிகஸ் ஏசெரிஸ். இது குளிர்காலத்தை மரப்பட்டையில் சிவப்பு முட்டையாகக் கழிக்கும். இரட்டைப்புள்ளிப் பேனோ வளர்ந்த பெண்ணாகவே, ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, சருகிலும் பட்டை இடுக்கிலும் பதுங்கும். குளிர்கால வைத்தியம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தே அமையும். ஆகவே எது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தாளில் பார்த்த கையோடு இலையைத் திருப்பி, நடு நரம்பின் இரண்டு ஓரத்தையும் லென்ஸில் பாருங்கள். மூன்று பொருள்கள் தெரிய வேண்டும்: உயிருள்ள பேன், உருண்டையான தெளிந்த முட்டை, உரித்துப் போட்ட வெள்ளைத் தோல். வெறும் தோலும் பொக்கு முட்டையும்தான் இருக்கின்றன, ஓடுவது ஒன்றும் இல்லை என்றால் தாக்குதல் முடிந்து போயிற்று. அதற்கு மருந்து அடிப்பது வீண். முட்டைகள் தேன் நிறத்துக்கு மாறியிருந்தால் பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது.

வலை இல்லை என்பதால் பேன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கிளைக் கவட்டில் கண்ணுக்கு வலை தெரிகிறது என்றால் கூட்டம் ஏற்கனவே பெருத்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது குழப்பும் மற்றவை. தத்துப்பூச்சியும் இதே மாதிரி வெள்ளைப் புள்ளி போடும். ஆனால் புள்ளி சற்றுப் பெரிதாக, இலைப் பரப்பில் சிதறி இருக்கும், இலையடியில் நீண்ட உரிதோல் ஒட்டியிருக்கும், கிளையைத் தொட்டால் பூச்சி பக்கவாட்டில் நகரும் அல்லது துள்ளிப் பறக்கும். இலைப்பேன் (த்ரிப்ஸ் என்ற பூச்சி) சுரண்டிய இடம் வெள்ளி மாதிரி மின்னும், நடுவே கருநிற எச்சப் புள்ளிகள் இருக்கும். சிலந்திப்பேனில் அந்தக் கறுப்பு எச்சம் இப்படித் தெரியாது. ஓரம் மட்டும் காய்வது பேனால் வருவதில்லை. உங்கள் மேற்குப் பக்க இலைகளில் இருப்பது வெயில் கருகல். நீர் இலை நுனிக்குப் போய்ச் சேர்வதைவிட வேகமாக ஆவியாகும்போது ஓரம் முதலில் சாகும். தொட்டியில் உப்பு சேர்ந்தாலும் இதே தோற்றம்தான். ஆக இந்த மரத்தில் இரண்டு தொல்லை ஒரே நேரத்தில் நடக்கிறது. பேனை ஒழித்த பிறகும் அந்தப் பழுப்பு ஓரம் கூடிக்கொண்டே போனால் மருந்து தோற்றது என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பிறகு இந்த இழையைப் படிப்பவர்களுக்காக: உகிகுமோ போன்ற வகைகளில் இலையில் வெள்ளைத் தெளிப்பு இயல்பாகவே உண்டு. அந்த மரத்தில் நிறத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. தாளில் தட்டினால்தான் தெரியும்.

---

நீர்த்தாரை

இலையடி சொன்ன தட்டுச் சோதனையில் பேன் உறுதியானால் முதல் வைத்தியம் தண்ணீர். இதைச் சிறுபிள்ளை வைத்தியம் என்று தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் இலையின் மேல்பக்கத்தை மட்டும் நனைத்தவர்கள். பேன் இருப்பது அடியில். குழாய் முனையைத் தரையருகே வைத்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். கிரிம்சன் குயின் மாதிரி நறுக்கு இலை வகைகளில் கிளைகள் அடுக்கடுக்காகத் தொங்கும், ஓர் அடுக்கு அடுத்ததை மறைக்கும். ஒரு கையால் ஒவ்வொரு அடுக்கையும் தூக்கிப் பிடித்து, மறு கையால் உள்ளிருந்து வெளியே வரும்படி அடியுங்கள். இலைக்குப் பின்னால் விரலை வைத்தால் நீர் தள்ளுவது தெரிய வேண்டும், இலை கிழியக் கூடாது. விரிந்து முற்றாத தளிரில் இந்த அழுத்தம் வேண்டாம்.

தொட்டி என்பதால் பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தி, மண்ணின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டு அடிக்கலாம். இல்லாவிட்டால் பேனுக்காக ஊற்றும் நீரில் வேர் அழுகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, காலையில், இரண்டு வாரம். முட்டை சில ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப. கீழே விழுந்த பேன்களில் பெரும்பாலானவை மேலே ஏறி வருவதில்லை. கூடவே வலையும் தூசியும் போய்விடும். தூசி படிந்த இலையில் சிலந்திப்பேன் செழிக்கும், அதைத் தின்னும் பூச்சிகளுக்கு அந்த இலையில் வேட்டையாடுவது கஷ்டம்.

அடுத்தது சோப்பும் எண்ணெயும். மேப்பிள் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மரத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பூச்சிக்கொல்லிச் சோப்பு, தோட்டக்கலை எண்ணெய் இரண்டின் லேபிளிலும் ‘இந்தச் செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்’ என்ற பட்டியலைத் தேடிப் படியுங்கள். ஜப்பான் மேப்பிள் அதில் அடிக்கடி வரும். எண்ணெய்க்குச் சிவப்பு மேப்பிளும் சர்க்கரை மேப்பிளும்கூட. அதற்காகத் தொடவே கூடாது என்று இல்லை. ஒரு கிளையில் நாலைந்து இலைகளில் மட்டும் அடித்து 48 மணி நேரம் பொறுங்கள். ஓரம் கறுப்பது, எண்ணெய்ப் பசை மாதிரி ஈரக் கறை நிற்பது, இலை சுருள்வது, இதில் எது வந்தாலும் அந்த மரத்துக்கு அந்தப் பொருள் வேண்டாம்.

சோப்பு என்றால் கொழுப்பு அமிலங்களின் பொட்டாசியம் உப்பு. பாத்திரம் கழுவும் திரவம் வேறு பொருள். அது இலையின் மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடும். ஜப்பான் மேப்பிளுக்கு லிட்டருக்கு 10 மில்லி, அதாவது 1 சதவீதத்தில் தொடங்குங்கள். மற்றச் செடிகளுக்குச் சொல்லும் 20 மில்லி இதற்கு அதிகம். நீர் கடினமாக இருந்தால் சோப்பு வேலை செய்யாது: கால்சியமும் மக்னீசியமும் அதைத் திரித்துவிடும். ஒரு கண்ணாடிப் புட்டியில் உங்கள் நீரை ஊற்றி, அளந்த சோப்பைக் கலந்து சில நிமிடம் வையுங்கள். பால் மாதிரி சீராக நின்றால் சரி; மேலே வெண்ணிற ஆடையோ திரளோ மிதந்தால் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும். உச்சி வெயிலில் அடித்தால் பேனைக் கொல்லும் முன் காய்ந்துவிடும், இலையையும் சுடும். அதிகாலையில் அடித்து, இரண்டு மணி நேரம் கழித்து வெறும் நீரால் அலசிவிடுங்கள். அலசுவதால் பலன் குறையாது, இலை தப்பிக்கும். முட்டையை இது அவ்வளவாகத் தொடாது. அதனால் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் ஐந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை. குளிர்ந்த நாட்களில் ஏழு முதல் பத்து நாள் இடைவெளி போதும்.

எண்ணெய் முட்டையையும் மூச்சடைக்க வைக்கும். அதுதான் அதன் பலம். ஆனால் கோடையில், இலையோடு, 1 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வேண்டாம். நீர் இல்லாமல் வாடிய மரத்தில் வேண்டவே வேண்டாம். முந்தின நாள் நன்றாக நீர் ஊற்றிவிட்டு அடுத்த காலையில் அடியுங்கள். காற்றில் ஈரம் மிகுந்து இலை காயத் தாமதமாகும் நாளையும் தவிருங்கள். கந்தகம் தெளித்திருந்தால் எண்ணெய்க்கு முன்னும் பின்னும் 30 நாள் இடைவெளி விடுங்கள், இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். வேப்பெண்ணெயும் எண்ணெய்தான். இயற்கைப் பொருள் என்பதால் மேப்பிள் இலை அதைச் சகித்துக்கொள்ளும் என்று இல்லை. அதே சோதனை, அதே வெப்ப வரம்பு.

---

கிளைநுனி

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. தட்டிப் பார்த்தேன். உட்கிளையில் ஒரு தாளில் முப்பதுக்கு மேல், நடுவில் பன்னிரண்டு, நுனியில் மூன்று. வெளிர்ப் பச்சை, இரண்டு பக்கமும் கருமை. எல்லாம் மெதுவாகத்தான் ஊர்கின்றன. வேகமாக ஓடியது ஒன்றுகூட இல்லை. இலையடியில் முட்டை நிறைய, சில தேன் நிறத்தில். உட்கிளைக் கவட்டில் லேசான நூல்.

நீர் அடிப்பதை இன்றே தொடங்குகிறேன். இவ்வளவு இருக்கும்போது நீரும் சோப்பும் போதுமா, மைட் (சிலந்திப்பேன்) மருந்துக்குப் போக வேண்டுமா? கையில் இமிடாகுளோபிரிட் மீதி இருக்கிறது. அதையே இன்னொரு முறை ஊற்றலாமா?

---

சுழற்சி

இமிடாகுளோபிரிட்டை ஊற்றாதீர்கள். அது சிலந்திப்பேனைக் கொல்லாது. சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, சிலந்திக்கு உறவு. கொல்லாததோடு நிற்காமல் பெருக்கவும் செய்யும். இமிடாகுளோபிரிட் கொடுத்த மரங்களில் சிலந்திப்பேன் வெடித்துப் பெருகுவது எல்ம் மரங்களில் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஒரு காரணம், பேனைத் தின்னும் பூச்சிகள் அடிபடுவது. இன்னொன்று, மருந்து ஏறிய இலையைத் தின்ற பேன் கூடுதலாக முட்டையிடுவது. உங்கள் தாளில் வேகமாக ஓடுவது (சிலந்திப்பேனைத் தின்னும் வேட்டைப்பேன்) ஒன்றும் இல்லாததற்கும், வெயில் வந்தவுடன் பேன் ஏறியதற்கும் இளவேனிலில் ஊற்றிய மருந்து காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கார்பரில், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் இவையும் இதே கணக்குதான்: வேட்டையாடும் பூச்சிகள் போய்விடும், பேன் மிஞ்சும்.

முப்பது என்பது இந்த அளவு மரத்துக்கு அதிகம், ஆனால் கைமீறிப் போகவில்லை. மூன்று நான்கு முறை நீர் அடித்து, திரும்பத் தட்டுங்கள். உட்கிளையில் பத்துக்குக் கீழே வந்துவிட்டால் சோப்போடு நிறுத்திக்கொள்ளலாம். இருபதைவிட இறங்கவில்லை, முட்டையும் குறையவில்லை என்றால் மைட் மருந்து. இந்த எண்களை என் அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கிளை, ஒரே மாதிரி தட்டு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம்.

அவசரம் ஏன் என்றால், 27, 30 டிகிரி வெப்பத்தில் இரட்டைப்புள்ளிப் பேன் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக ஒரு வாரத்தில் ஆகிவிடும். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறு முட்டைக்கு மேலும் இடக்கூடும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும், அதிலிருந்து ஆண்கள் வரும். ஒற்றைப் பேன் தப்பினாலும் கூட்டம் திரும்பும்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்தப் பருவத்தைக் கொல்கிறது என்று பாருங்கள். பணத்தைக் கொட்டியும் பலன் இல்லை என்று புலம்புவது பெரும்பாலும் இதைப் பார்க்காததால்தான்.

எடோக்சசோல், ஹெக்சிதியாசாக்ஸ், குளோஃபென்டசின் இவை முட்டையையும் இளம் பருவத்தையும் பிடிக்கும், வளர்ந்த பேனைக் கொல்லாது. எடோக்சசோல் பட்ட பெண் உயிரோடு ஊரும், ஆனால் அதன் முட்டை பொரிக்காது. எனவே அடித்த நாலாம் நாள் தாளில் தட்டிப் பார்த்து, எண்ணிக்கை இறங்கவில்லையே என்று வேறு மருந்தை அடிப்பது தவறு. பத்து நாள் கழித்து, குஞ்சும் முட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பைஃபெனசேட் இதற்கு நேர்மாறு: ஊர்கிற பருவங்களைச் சில நாட்களில் வீழ்த்தும், வேட்டைப்பேன்களை ஓரளவு விட்டுவைக்கும். உங்கள் நிலைமைக்கு, வளர்ந்த பேனும் முட்டையும் நிறைய இருப்பதால், முதலில் பைஃபெனசேட், பிறகு தேவைப்பட்டால் எடோக்சசோல் என்ற வரிசையைத்தான் நான் எடுப்பேன்.

அபாமெக்டின் இலைக்குள் ஊடுருவும். மேல்பக்கம் பட்டது அடிப்பக்கம் வரை இறங்கும் என்பதால் அடுக்கு இலை வகைகளுக்குக் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் முற்றிய, தடித்த இலையில் ஊடுருவல் குறைவு, இலைக்கு மேலே தங்கியது வெயிலில் சீக்கிரம் சிதையும். ஊடுருவலைக் கூட்ட எண்ணெய் சேர்க்கச் சொல்வார்கள். ஜப்பான் மேப்பிளில் அந்தக் கலவையைச் சோதிக்காமல் அடிக்க வேண்டாம். தேனீக்கு இது கடும் நஞ்சு. மரமோ அருகில் உள்ள செடிகளோ பூத்திருக்கும்போது வேண்டாம்.

அளவை நான் இங்கே எழுதவில்லை. ஒரே மருந்து 1, 2, 5 சதவீதம் என்று பல அடர்த்திகளில் வருகிறது. புட்டியில் எழுதியிருக்கும் அளவுதான் அளவு, அலங்கார மரங்களுக்கு அனுமதி உண்டா என்பதும் அதிலேயே இருக்கும். இன்னொரு விஷயத்தையும் புட்டியில் பாருங்கள்: செயல்முறைக் குழு எண், அதாவது மருந்து எந்த வழியில் கொல்கிறது என்பதைக் காட்டும் எண். அபாமெக்டின் 6, ஹெக்சிதியாசாக்ஸும் குளோஃபென்டசினும் எடோக்சசோலும் 10, பைஃபெனசேட் 20, ஸ்பைரோமெசிஃபென் 23. பெயர் வேறாக இருந்தாலும் எண் ஒன்றாக இருந்தால் மாற்றி அடித்ததாக ஆகாது. ஹெக்சிதியாசாக்ஸுக்குப் பிறகு எடோக்சசோல் அடிப்பது கிட்டத்தட்ட அதே மருந்தைத் திரும்ப அடிப்பதுதான். ஒரு பருவத்தில் ஒரு குழுவுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் எதிர்ப்புத்திறன் உருவாவது தள்ளிப்போகும்.

இடுப்பளவு மரத்துக்கு, இலையின் இருபுறமும் நனைந்து சொட்டத் தொடங்கும் வரை அடிக்க ஒன்றரை, இரண்டு லிட்டர் கலவை ஆகும். அரை லிட்டரில் முடிந்துவிட்டது என்றால் உட்கிளை நனையவில்லை.

---

மொட்டுச்செதில்

வெள்ளி மேப்பிளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கொப்புளம் வேறு பேன். வசேட்ஸ் குவாட்ரிபெடிஸ் என்ற ஈரியோபைட் வகை. 0.2 மில்லிமீட்டர், முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் கூம்பிய உடல், தலைப்பக்கம் இரண்டு ஜோடிக் கால் மட்டும். பத்து மடங்கு லென்ஸில் தேடினால் ஏமாற்றம்தான். கொப்புளத்தை வைத்தே கண்டுகொள்ள வேண்டும். முதலில் பச்சை, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. இலையைத் திருப்பினால் ஒவ்வொரு கொப்புளத்துக்கும் நேர் கீழே ஒரு சிறு வாய் இருக்கும். சர்க்கரை மேப்பிளில் கொப்புளத்துக்குப் பதில் மெல்லிய கதிர் மாதிரி நிமிர்ந்து நிற்பது இதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பேன். சில மேப்பிள்களில் இலைப்பரப்பில் சிவப்பு வெல்வெட் திட்டு படரும், அதுவும் ஈரியோபைட் வேலைதான். அதைப் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள் நிறைய.

வெள்ளி மேப்பிளின் கொப்புளப் பேன் உங்கள் தொட்டிக்குப் பரவி இந்த வெளிர்ப் புள்ளிகளைப் போடவில்லை. இரண்டும் தனித்தனி.

கொப்புளத்துக்கு இப்போது எதையும் அடிக்காதீர்கள். பேன் உள்ளே இருக்கிறது, சுற்றிலும் இலையே சுவர் கட்டியிருக்கிறது, எந்தத் தெளிப்பும் எட்டாது. இலை முழுக்க மூடினாலும் மரத்தின் வளர்ச்சியில் பெரிய பாதிப்பு வராது, இலை சற்று முன்னதாக உதிரலாம். அவ்வளவுதான். அழகுக்காகத் தடுத்தே ஆக வேண்டும் என்றால் காலம் ஒன்றே ஒன்று: பேன் பட்டை இடுக்கிலிருந்து கிளம்பி விரியும் மொட்டை நோக்கிப் போகும் சில நாட்கள். மொட்டு பருத்துப் பச்சை எட்டிப்பார்க்கும்போது தெளிக்க வேண்டும். இலை விரிந்து கொப்புளம் தெரிந்த பிறகு அந்த ஆண்டுக்கான வாய்ப்பு முடிந்தது. வளர்ந்த வெள்ளி மேப்பிளின் உச்சிவரை அப்படித் தெளிப்பது பெரும்பாலும் நடக்கிற காரியமும் இல்லை. விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

சுழற்சி சொன்னதில் ஓரிடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தட்டு எண்ணிக்கை இருபது என்றவுடன் மைட் மருந்துக்குப் போக வேண்டாம். முதலில் வேகமாக ஓடுவது ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். பேரிக்காய் வடிவில், பளபளப்பாக, நீண்ட கால்களோடு, தாளில் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் அது வேட்டைப்பேன். கறுப்பாக, ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய பொறிவண்டு தெரிந்தால் அது ஸ்டெதோரஸ், சிலந்திப்பேன்தான் அதன் சாப்பாடு. பத்துப் பேனுக்கு ஒரு வேட்டைப்பேன் தென்பட்டால்கூட நான் ஒரு வாரம் வெறும் நீரோடு பொறுப்பேன்.

---

சுழற்சி

ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது ஓடுவது ஒன்றும் இல்லாத அவர் தாளை வைத்து. வேட்டைப்பேன் வந்தால் கணக்கு மாறும்.

---

கிளைநுனி

வேட்டைப்பேனை வாங்கி விடலாமா? அப்படியானால் எந்த வகை? மருந்து அடித்துவிட்டு விடுவதா, அடிக்காமலா? குளிர்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது. இன்னொன்று, புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிவிடலாமா? பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

---

மொட்டுச்செதில்

விடலாம். ஃபைடோசியுலஸ் பெர்சிமிலிஸ் இரட்டைப்புள்ளிப் பேனுக்கென்றே உள்ளது, வலைக்குள் புகுந்து வேட்டையாடும். ஆனால் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதன் முட்டை சரியாகப் பொரிக்காது. பேன் தீர்ந்ததும் பட்டினியில் மறைந்துவிடும். வெயிலில் நிற்கும் தொட்டிக்கு நியோசியுலஸ் கலிஃபோர்னிகஸ் பொருத்தம். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும், இரை இல்லாத நாட்களில் மகரந்தத்தைத் தின்று பிழைத்திருக்கும். வேலை மெதுவாக நடக்கும் என்பது அதன் குறை. ஆகவே முதலில் நீர் அடித்துக் கூட்டத்தைக் குறைத்துவிட்டு, மாலை நேரத்தில், இலையில் லேசான ஈரம் இருக்கும்போது, உட்கிளை இலைகளின் மேல் தூவுங்கள். அதன்பிறகு பலமான நீர்த்தாரை வேண்டாம், விட்டதைக் கழுவித் தள்ளிவிடுவீர்கள். அபாமெக்டின் அடித்த இலையில் உடனே விடக் கூடாது. சோப்பு காய்ந்த பிறகு விடலாம். இமிடாகுளோபிரிட் மரத்துக்குள் இன்னும் இருக்கும், அது வேட்டைப்பேனையும் ஓரளவு தளர்த்தும். ஒரே தவணையில் எல்லாவற்றையும் கொட்டாமல் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தவணையாக விடுங்கள்.

இலையைக் கிள்ளுவது பற்றி: உட்கிளையில் மிக மோசமான, வலை பிடித்த இலைகளை மட்டும் எடுங்கள், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். புள்ளி விழுந்த இலையும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கோடை நடுவில் மொத்தமாக உரித்தால் மரம் சேமித்ததைச் செலவழித்துப் புது இலை விடும். அந்தக் கொழுந்துதான் பேனுக்கு விருந்து, வெயிலுக்கும் முதலில் கருகும். ஒரு முறை வெளிறிய இடம் பச்சையாகவோ சிவப்பாகவோ திரும்பாது, இலை உதிரும்வரை அப்படியேதான் இருக்கும். மரம் தேறுகிறதா என்பதைப் புள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தாள் எண்ணிக்கையும் அடுத்து வரும் தளிரும்தான் சொல்லும். பேன் போன பிறகும் புள்ளி போகவில்லை என்று மாதக்கணக்கில் மருந்து அடிப்பது இந்த மரங்களில் அடிக்கடி நடக்கிறது.

மேற்கு வெயிலுக்கு 30, 40 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தழைச்சத்து உரத்தை இந்தப் பருவம் முழுக்க நிறுத்துங்கள். தழைச்சத்து ஏறிய இலையில் பேன் கூடுதலாக முட்டையிடும். செதிள் பூச்சி மறுபடி வந்தால் வேர்வழி மருந்துக்குப் போகாமல், குஞ்சு ஊரும் காலம் பார்த்துத் தண்டைத் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது கீழே சொல்லும் குளிர்கால எண்ணெயோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலம்: உங்களுடையது இரட்டைப்புள்ளிப் பேன் என்பதால் இலை உதிர்ந்தவுடன் தொட்டி மேலும் சுற்றிலும் உள்ள சருகை ஒன்றுவிடாமல் அள்ளி அகற்றுங்கள். மண்ணின் மேற்பரப்புப் பாசியையும் பழைய மூடாக்கையும் எடுத்துப் புதியது போடுங்கள். ஆரஞ்சு நிறப் பெண் பேன்கள் அங்கேதான் உறங்கும். தண்டைப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, கவட்டில் ஒதுங்கியதை நீரால் கழுவுங்கள்.

மேப்பிள் பேனாக இருந்தால் வேலை வேறு. சிறுகிளைகளின் அடிப்பக்கத்தையும் மொட்டுக் கணுக்களையும் லென்ஸில் பார்த்தால் சிவப்பு முட்டைகள் உருண்டையாக ஒட்டியிருக்கும். அதற்கு உறங்குபருவ எண்ணெய் (இலையில்லாத குளிர்காலத்தில் அடிக்கும் தோட்டக்கலை எண்ணெய்), 2 சதவீதம், மொட்டு பருக்கத் தொடங்கும் முன். இரவில் உறைபனி வராத, பகலில் 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளாகப் பாருங்கள். மொட்டு பிளந்து நிறம் தெரிந்த பிறகு அந்த அளவில் அடித்தால் முதல் இலைகள் கருகும். இந்த எண்ணெயையும் முதலில் ஒரு சிறுகிளையில் சோதித்துவிடுங்கள். புள்ளி விழும்வரை காத்திராமல், இலை விரிந்து முற்றியதும் வாரம் ஒரு முறை அதே உட்கிளையைத் தாளில் தட்டுங்கள். மூன்று நான்கு பேன் தெரியும்போதே நீர் அடிக்கத் தொடங்கினால் மைட் மருந்துப் புட்டியைத் திறக்கத் தேவைப்படாது.